பேனல் ஹீட்டரும் ஒரு கட்டு ஊதுபத்தியும்

"மாமா, குளிரைப் பத்திக் கவலைப்படாதீங்க. ரூமுக்கு ரூம் பேனல் ஹீட்டர் இருக்கு" என்று மாப்பிள்ளை போனில் சொன்னபோது என் மனசில் வந்து நின்றது துணைமின் நிலையத்தில் வரிசையாக நிற்கும் சாம்பல் நிற இரும்பு பீரோக்கள்தான். கடலூர் மாவட்டத்தில் 33 வருடம் மின்வாரிய வேலை. பேனல் என்றால் எனக்கு ரிலே, பிரேக்கர், பட்டுப்போன பல்பு, ஓரத்தில் ஒரு பல்லி. அதைப் போய் படுக்கையறையில் வைப்பார்களா?

2024 நவம்பரில் நானும் வீட்டுக்காரியும் லண்டன் ஈஸ்ட் ஹாமில் மகள் வீட்டுக்குப் போய் இறங்கினோம். நூறு வருடத்துக்கு மேலான செங்கல் வீடு. அதை வெட்டி நாலு குடித்தனமாக்கி வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மகள் குடும்பம் மேல் மாடியில். கேஸ் லைன் கிடையாது, எல்லாமே கரண்ட். சுவரில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெள்ளையாக, தட்டையாக ஒரு தகரப் பெட்டி. கனம் நாலு விரல்கூட இல்லை. "இதுதான் மாமா." குனிந்து பார்த்தேன். கீழே திறப்பு, மேலே சல்லடை மாதிரி திறப்பு, உள்ளே சூடேறும் கம்பி. கீழிருந்து குளிர்ந்த காற்று போகிறது, சூடாகி மேலே வருகிறது. மின்விசிறி இல்லை, சத்தம் இல்லை. அவ்வளவுதான் மொத்த யந்திரமும்.

சூடேறும் கம்பி பெரும்பாலும் நிக்ரோம். நிக்கலும் குரோமியமும் கலந்த கம்பி. ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர் 1906-இல் காப்புரிமை வாங்கியது. பழுக்கக் காய்ந்தாலும் சீக்கிரம் உதிராது. நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி, வெந்நீர் போடும் ஹீட்டர் எல்லாம் அதே குடும்பம்தான். ஆக, மகள் வீட்டு ஹாலில் இருந்தது சுவரில் மாட்டிய இஸ்திரிப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹாலில் 2000 வாட், ஒரு அறையில் 1500, சின்ன அறையில் 1000. மூன்றையும் ஒன்றாகப் போட்டால் நாலரை கிலோவாட். எங்கள் தெருவில் ஒருவர் நாலரை கிலோவாட் லோடு கேட்டு விண்ணப்பம் கொடுத்தால், "என்ன, மாவு மில் வைக்கப் போறீங்களா?" என்று கேட்டிருப்பேன்.

குளிர் எங்களுக்குத் தெரியாதது இல்லை என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் ஊரான சிதம்பரத்தில் மார்கழித் திருவாதிரைக்கு விடிகாலை நாலு மணிக்கு ஆருத்ரா தரிசனக் கூட்டத்தில் நின்றவர்களுக்கு ஈரத் தலையோடு வாடை அடிப்பது என்னவென்று தெரியும். ஆனால் அந்த "நடுங்குற குளிர்" தெர்மாமீட்டரில் பார்த்தால் 20 டிகிரி பக்கம்! லண்டனில் ஹீட்டரைப் போட்டு, காசைக் கொட்டி, வீட்டுக்குள் கொண்டுவரப் பார்ப்பதும் அதே 20 டிகிரியைத்தான். நாம் மப்ளர் சுற்றிக்கொள்ளும் இடத்துக்கு வந்துசேர அவர்கள் மாசம் பதினைந்தாயிரம் ரூபாய் செலவழிக்கிறார்கள். இதை முதல் வாரமே கணக்குப் போட்டு வீட்டுக்காரியிடம் சொன்னேன். "உங்க கணக்கைப் போர்த்திக்கிட்டுத் தூங்குங்க" என்றாள்.

நிஜமாகவே குளிரில் மாட்டிக்கொண்டது ஒரே ஒரு முறை. தானே புயல், 2011 டிசம்பர் 30. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. அதன் பிறகு வாரக்கணக்கில் எங்களுக்கு வீடு வாசல் கிடையாது. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்து கிடந்தன. வெளி மாவட்டத்து ஆட்களெல்லாம் வந்து இறங்கினார்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு விழுந்து கிடந்த தோப்பில், நனைந்த சட்டையோடு, விழுந்த முந்திரிக் கிளையையே கொளுத்திச் சுற்றி உட்கார்ந்தோம். முகம் வேகும், முதுகு விறைக்கும். திரும்பி உட்கார்ந்தால் முதுகு வேகும், முகம் விறைக்கும். குளிர் காய்வது என்று எவ்வளவு பொருத்தமாகப் பேர் வைத்திருக்கிறார்கள், துணி காயப்போடுகிற மாதிரி உடம்பைத் திருப்பித் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. வெட்டவெளியில் எவ்வளவு நெருப்பு போட்டாலும் சூடு நிற்காது என்பது அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதின்மூன்று வருடம் கழித்து ஈஸ்ட் ஹாமில்தான் புரிந்தது.

அந்த வீட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த பொருள் சமையலறை மேடையில் நின்ற ஒரு குட்டித் திரை. ஸ்மார்ட் மீட்டரோடு சேர்ந்தது. இந்த நிமிஷம் எவ்வளவு கரண்ட் ஓடுகிறது, இன்றைக்கு இதுவரை எத்தனை பவுண்ட் ஆச்சு என்று காட்டும். லோடு ஏற ஏறப் பச்சையிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து சிவப்பு. நான் டி.வி. பார்ப்பதை விட்டுவிட்டேன். டீக்கு கெட்டில் போட்டால் 3 கிலோவாட் குபீரென்று ஏறுவதைப் பார்ப்பதில் ஒரு சுகம். பேரன், "தாத்தாவுக்கு அதுதான் கார்ட்டூன்" என்றான்.

ஒரு வாரம் குறித்து வைத்தேன். சராசரி ஒரு நாளைக்கு 21 யூனிட். அந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் 2024 அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கு வைத்த உச்சவரம்பு, சராசரியாக யூனிட்டுக்கு 24.5 பென்ஸ். கேஸ் என்றால் அதே ஒரு யூனிட் வெப்பத்துக்கு 6 பென்ஸ் சொச்சம்தான். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு. கேஸ் லைன் இல்லாத வீட்டு வாடகை ஏன் கொஞ்சம் குறைவு என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு மாதத்துக்கு 1200 யூனிட் என்று வையுங்கள். அங்கே 294 பவுண்ட், அன்றைய மதிப்பில் 31 ஆயிரம் ரூபாய்க்கு மேல். அதே 1200 யூனிட்டை சிதம்பரத்தில் எரித்தால்? அப்போது முதல் 100 யூனிட் இலவசம், மீதியை 2024 ஜூலை கட்டணப்படி படிப்படியாகக் கூட்டி, கடைசிப் படியில் 11 ரூபாய் 80 காசு போட்டால்கூட சுமார் 9,400 ரூபாய். இந்தக் கணக்கைச் சொன்னதும் மகள், "அப்பா, சம்பளமும் ரெண்டு ஊர்ல ஒண்ணா?" என்று கேட்டாள். நியாயம்தான்.

இந்த இடத்தில் நெய்வேலியைப் பற்றிச் சொல்லாமல் எப்படி? எங்கள் மாவட்டத்துக்காரனுக்குக் கரண்ட் என்றாலே நெய்வேலி. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்பாக ஏதோ வந்தது. 1956-இல் நிறுவனம், 1962-இல் முதல் மின்நிலையத்தின் முதல் யூனிட் ஓடியது. வீட்டு அடுப்புக்கே நெய்வேலி லெக்கோ கரி வாங்கி எரித்தவர்கள் எங்கள் பக்கம் உண்டு. பழுப்பு நிலக்கரியை எரித்து நீராவியாக்கி டர்பைன் சுற்றினால், நெருப்பின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் கரண்டாகக் கம்பியில் ஏறும். மீதியெல்லாம் புகைபோக்கியிலும் அந்தப் பெரிய குளிரூட்டும் கோபுரங்களிலும் போய்விடும். வடலூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும்போது கோபுரத்து வெள்ளை ஆவி தெரியுமே, அதுதான் அந்த மிச்சம். மூன்று பங்கு சூடு போட்டு ஒரு பங்கு கரண்டை எடுத்து, அதைக் கம்பி வழியே கொண்டுபோய் மறுபடி சூடாக்குவது என்பது, பாலை மோராக்கி, மோரை விற்று, அந்தக் காசில் பால் வாங்கிக் குடிப்பது.

பிரிட்டனில் இப்போது நிலக்கரியில் கரண்ட் எடுப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராட்கிளிஃப் என்ற ஊரில் இருந்த கடைசி நிலக்கரி மின்நிலையத்தை நாங்கள் போவதற்குக் கொஞ்சம் முன்பு, 2024 செப்டம்பர் 30-இல் மூடிவிட்டார்கள். கடல் காற்றாலை நிறைய. ஆனாலும் விலை இறங்கவில்லை.

ஹீட்டர் விற்பவர்கள் "நூற்றுக்கு நூறு திறன்" என்று விளம்பரம் போடுகிறார்கள். பொய்யில்லை. ஒரு யூனிட் கரண்டை வாங்கி ஒரு யூனிட் சூட்டைத் தரும். ஆனால் பத்து பவுண்டுக்கு விற்கும் ஹீட்டரும் அப்படித்தான், முந்நூறு பவுண்ட் ஜெர்மன் ஹீட்டரும் அப்படித்தான். இதில் ஒன்று மற்றொன்றைவிட "கரண்டை மிச்சம் பிடிக்கும்" என்று யாராவது சொன்னால் டைமரையும் தெர்மோஸ்டாட்டையும்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். கம்பிக்கு மிச்சம் பிடிக்கத் தெரியாது. நூற்றைத் தாண்ட வேண்டுமானால் ஹீட் பம்ப் வேண்டும். அது வேறொன்றுமில்லை, நம் ஊர் ஏசியைத் திருப்பி மாட்டியது. ஏசி உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கடத்துகிறது. ஹீட் பம்ப் வெளியே இருக்கும் கொஞ்ச நஞ்சச் சூட்டை உள்ளே கடத்துகிறது. சூட்டை உண்டாக்காமல் சுமந்து வருவதால் ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடு கிடைக்கும். வாடகை வீட்டில் அதெல்லாம் நடக்காது. வீட்டுச் சொந்தக்காரர் ஜன்னல் கொக்கி மாற்றவே ஆறு மாதம் எடுத்துக்கொள்கிறவர்.

சரி, 21 யூனிட் எங்கே போகிறது? இது லைன் லாஸ் கண்டுபிடிப்பது மாதிரிதானே! ராத்திரி பத்து மணிக்கு ஹாலில் 20 டிகிரி. ஹீட்டரை அணைத்துவிட்டுப் படுத்தால் காலை ஐந்து மணிக்கு 12. வெளியே 5. சிதம்பரத்தில் எங்கள் வீட்டுச் சுவர் சித்திரை மாசம் பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் உமிழும். இந்த வீடு ஏழு மணி நேரத்தில் எல்லாவற்றையும் கோட்டை விட்டுவிடுகிறது.

பூஜை அலமாரியிலிருந்து ஊதுபத்தி எடுத்தேன். ஹீட்டரை நிறுத்தி, காற்று அடங்கவிட்டு, பற்ற வைத்த பத்தியை வீடு முழுக்கக் கொண்டுபோனேன். ஓட்டை இல்லாத இடத்தில் புகை நேராக எழும். ஓட்டை இருந்தால் சாயும். கதவுக்கு அடியில் சாய்ந்தது. மேலும் கீழும் நகரும் அந்தக் காலத்து மரச் சட்ட ஜன்னலில், இரண்டு பலகை சேரும் நடுக்கோட்டில் சாய்ந்தது. தபால் போடும் வாயில் சாய்ந்தது. பழைய கணப்பு இருந்த மாடம் ஒன்று ஹாலில் சும்மா அழகுக்கு இருந்தது. அங்கே கொண்டுபோனதும் புகை சாயவில்லை, மடங்கி உள்ளே ஓடியே போய்விட்டது. எட்டிப் பார்த்தேன். மேலே ஒரு ரூபாய் அளவுக்கு வானம். புகைபோக்கியை யாரும் அடைக்கவே இல்லை! சூடான காற்று மேலே போகும், அதற்காகவே கட்டிய குழாய் ஹாலின் நடுவில் வாய் திறந்து நிற்கிறது. இந்தப் பக்கம் 2000 வாட் ஹீட்டர், அந்தப் பக்கம் வானத்துக்கு நேர் லைன்.

ஒரு மனக்கணக்கு. நாலு மீட்டருக்கு நாலு மீட்டர் அறை, உயரம் இரண்டரை, உள்ளுக்கும் வெளிக்கும் 15 டிகிரி வித்தியாசம். மூன்று சதுர மீட்டர் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் வழியே 225 வாட் போகும். பத்து சதுர மீட்டர் வெளிச்சுவர் வழியே 300. அறைக் காற்று மணிக்கு இரண்டு முறை மாறினால் அதில் மட்டும் கிட்டத்தட்ட 400 வாட். ஐந்து சீலிங் ஃபேன் ஓடுகிற கரண்ட், காற்றோடு காற்றாக. கண்ணாடியை மாற்ற நம்மால் முடியாது, சுவரைத் தொட முடியாது. சந்துகளை அடைக்கலாம்.

இங்கே ஒரு சங்கடம். மாப்பிள்ளை வீட்டில் மாமனார் ஓட்டை கண்டுபிடித்தால் அது ஓட்டையைப் பற்றிய பேச்சாக மட்டும் நிற்காது. "மாப்பிள்ளை, நீங்க தப்பா நினைக்கலேன்னா..." என்று ஆரம்பித்தேன். "சொல்லுங்க மாமா" என்றார். புகைபோக்கியைக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் அந்த ஒரு ரூபாய் வானத்தைப் பார்த்தார். "மூணு வருஷமா லண்டனையே சூடாக்கியிருக்கேன் மாமா" என்றார். அதற்குப் பிறகு சங்கடம் இல்லை. அவரே டேப் பிடித்தார்.

பழைய தலையணை ஒன்றை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் புகைபோக்கிக்குள் அழுத்தி, கீழே சிவப்புத் துணி தொங்கவிட்டோம். பின்னால் குடிவருகிறவர் தெரியாமல் நெருப்பு மூட்டிவிடக் கூடாதே. ஜன்னல் இடுக்குகளுக்கு ஒட்டுப் பஞ்சுப் பட்டை. கண்ணாடிக்கு மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டி, முடி உலர்த்தும் யந்திரத்தால் சூடு காட்டினால் தாள் இறுகிக் கண்ணாடி போலவே நிற்கும். நடுவில் அகப்பட்ட காற்றுதான் போர்வை. தாள் தீர்ந்துபோன சின்ன ஜன்னலுக்குப் பார்சலில் வந்த குமிழ்த்தாள். கதவு அடியில் என் பழைய வேட்டியைச் சுருட்டித் தைத்தாள் வீட்டுக்காரி. பேரன் அதற்குப் பாம்பு என்று பேர் வைத்தான். மொத்தச் செலவு நாற்பது பவுண்டுக்குள்.

இதைச் செய்துகொண்டிருக்கும்போதுதான் நெடுநல்வாடை ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் தமிழய்யா நடத்தியபோது அரண்மனை வர்ணனை என்று தூங்கிவிட்டேன். வாடைக்காலம் வந்ததும் மாளிகையில் என்ன நடக்கிறது என்று நக்கீரர் வரிசையாகச் சொல்கிறார். சந்தனம் அரைக்கும் கல் வேலையில்லாமல் கிடக்கிறது, விசிறி சிலந்தி நூல் படிந்து தொங்குகிறது, தென்றலுக்குத் திறந்திருந்த ஜன்னலை அடைத்துவிடுகிறார்கள், அகன்ற வாயுள்ள தடவு என்னும் கணப்புச் சட்டியில் நெருப்பு வைத்துக்கொள்கிறார்கள். நமக்கு வீடு என்றாலே திறந்து விடுவதுதான். திண்ணை, ரேழி, முற்றம், பின்வாசல், நேர்க்கோட்டில் காற்றோட்டம். சிதம்பரத்து ஓட்டு வீடுகளில் வாசலில் நின்றால் கொல்லைக் கிணறு தெரியும். ஆனால் அடைக்கவும் தெரிந்தவர்களாகத்தான் நாமும் இருந்திருக்கிறோம்.

எங்கள் கடலூரில் எதிர்த்திசையில் தவித்தவர்களும் உண்டு. 1690-இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயர் வாங்கியபோது பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை நிலம் என்று பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பேர் இன்னும் இருக்கிறது. குளிர் நாட்டிலிருந்து வந்து கனத்த சுவர் எழுப்பி, பங்கா இழுக்க ஆள் வைத்து வியர்த்தவர்கள். நான் அவர்கள் ஊரில் வேட்டியைக் கதவடியில் சொருகிக்கொண்டிருந்தேன். கணக்கு சரியாகிவிட்டது.

அடைத்தால் மட்டும் போதாது. வீட்டுக்காரி ஹீட்டரின் குமிழை வந்தவுடன் 28-க்குத் திருகுவாள். "கூட்டி வச்சாத்தானே சீக்கிரம் சூடாகும்?" ஆகாது. 2000 வாட் ஹீட்டர் 20-க்கு வைத்தாலும் 2000 வாட்டில்தான் ஓடும், 28-க்கு வைத்தாலும் அதே வேகம்தான். 20-இல் நிற்க வேண்டியது நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். நாங்கள் ஹாலுக்கு 19 என்று பேசி முடித்தோம். வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. "நாள் பூரா லேசா ஓடட்டும், விட்டு விட்டுப் போட்டா அதிகம் இழுக்கும்" என்பது இன்னொரு நம்பிக்கை. அதுவும் தப்பு. வீடு எவ்வளவு நேரம் சூடாக இருக்கிறதோ அவ்வளவு நேரம் சூடு வெளியே போகும். மதியம் ஆளில்லாத அறைக்கு எதற்கு?

இரண்டு விஷயத்தில் மட்டும் கோபப்பட்டேன். ஒன்று, ஹீட்டர் மேல் ஈரத் துண்டு போட்டது. மேல் திறப்பை மூடினால் சூடு வெளியேற வழியில்லை. பெட்டியிலேயே அடித்துப் படம் போட்டு எழுதியிருக்கிறான், மூடாதே என்று. இரண்டாவது, மாப்பிள்ளை மேசைக்கடியில் ஒரு 2000 வாட் விசிறி ஹீட்டரையும் கெட்டிலையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சொருகி வைத்திருந்தது. ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர், கெட்டில் 13. அந்த ஊர் பிளக்கே 13 ஆம்பியர் ஃபியூஸோடு வருவது. பிளக்கைத் தொட்டால் கை சுட்டது, பிளாஸ்டிக் லேசாக மஞ்சளாகியிருந்தது. அன்றைக்கு நான் மாமனாராக இல்லை, போர்மேனாகத்தான் பேசினேன். மறுநாள் மன்னிப்பு கேட்டேன், எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் திருப்பித் தரவில்லை.

ஓட்டையெல்லாம் அடைத்த பிறகு ஒரு புதுத் தொல்லை. சாதம் வடித்து, ரசம் கொதித்து, துணியை உள்ளேயே காயப்போட்டு வரும் ஈரம் போக வழியில்லாமல் ஜன்னல் ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சணம் பூக்க ஆரம்பித்தது. அதனால் சமைக்கும்போது புகைவிசிறி கட்டாயம், காலையில் பத்து நிமிஷம் எல்லா ஜன்னலையும் அகலத் திறந்துவிட்டு மூடுவது. பத்து நிமிஷத்தில் காற்று மாறும், சுவர் ஆறாது. வேண்டும்போது திறந்த ஜன்னலுக்கும் எப்போதும் கசியும் சந்துக்கும் வித்தியாசம் இருக்கிறது என்று மகளுக்கு விளக்கினேன். "சரிங்க, இன்ஜினியர் சார்" என்றாள்.

ஜனவரியில் மறுபடி ஒரு வாரம் குறித்தேன். நாள் கணக்கு 14-க்கு வந்திருந்தது. காலை ஐந்து மணிக்கு ஹாலில் 15.

பிப்ரவரி கடைசியில் சிதம்பரம் திரும்பினோம். போன வாரம் படுக்கையறை ஏசியைப் போட்டுவிட்டு, கதவடியில் வெளிச்சம் தெரிகிற இடத்தில் ஒரு பழைய லுங்கியைச் சுருட்டி வைத்தேன். வீட்டுக்காரி பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, பூஜை அலமாரியிலிருந்து ஊதுபத்திக் கட்டை மட்டும் எடுத்து வேறெங்கோ வைத்துவிட்டாள்.